முட்டு மடக்கிப் பிழைத்த காலம்

முழங்கால் வைத்தியத்தில் டாக்டருக்குக் கிடைப்பது கும்பிடு, பிசியோதெரபி பார்க்கிறவளுக்குக் கிடைப்பது திட்டு. டாக்டர் மயக்கம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறார். நாங்களோ முழு நினைவோடு கண்ணை விழித்துக்கொண்டிருக்கிற ஆளைப் பிடித்துக் காலை மடக்குகிறோம். பிறகு யாரைத் திட்டுவார்கள்?

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறவர்கள்தான் என்று எனக்குத் தெரியும். மீதிப் பேர் இன்னும் கொஞ்ச நாளில் தேடுவார்கள். ஆகையால் நாம் எல்லோரும் ஒரே கட்சி. தைரியமாகப் பேசலாம்.

நான் 2006-இல் மார்த்தாண்டத்தில் ஒரு எலும்பு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். இரணியலிலிருந்து தினமும் பஸ். எங்கள் ஊர்ப்பக்கம் முழங்காலுக்கு முட்டு என்றே பெயர். அங்கே இருந்த டாக்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு: சொந்த முட்டு ஓடுகிறவரைக்கும் இரும்பு முட்டு வைக்க மாட்டார். கிழிந்திருந்தால் தைப்பார், வளைந்திருந்தால் நிமிர்த்துவார், அறுந்திருந்தால் கட்டுவார். அவர் தைத்ததையும் நிமிர்த்தியதையும் மறுபடி நடக்க வைப்பது என் பொறுப்பு. எனக்கோ பொறுமை கொஞ்சம் குறைவு. தப்பான தொழிலுக்கு வந்துவிட்டாய் என்று அம்மா அடிக்கடி சொல்வாள்.

மூன்று ஆசான்கள்

ஆன்றோவுக்கு அப்போது இருபத்தொரு வயது. கடற்கரைக் கிராமத்துப் பையன், கால்பந்தில் முன்வரிசை ஆட்டக்காரன். அடுத்த வருசத் தேர்வுக்கு வா என்று ஒரு அரசு நிறுவனத்தின் அணியிலிருந்து அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எடுத்துவிட்டால் பந்தும் வேலையும் சேர்ந்தே கிடைக்கும். எடுக்காவிட்டால் அப்பாவோடு ஆழ்கடல் போட். அப்பா கடலுக்குப் போனால் திரும்ப முப்பது நாள், நாற்பது நாள் ஆகும். வீட்டிலிருந்து ஒரு ஆள் கடலில் கிடப்பது போதும் என்பது அவன் அம்மா செலினின் தீர்மானம். செலின் களியக்காவிளைச் சந்தையில் மீன் விற்கிறவள், தீர்மானம் என்றால் தீர்மானம்தான்.

அப்படிப்பட்ட பையன் ஒரு இறுதி ஆட்டத்தில் எம்பிக் குதித்து, இறங்கும்போது முட்டு திருகி விழுந்தான். உள்ளே 'டப்' என்று சத்தம் கேட்டதாம். எங்கள் மாவட்டத்தில் கால் பிசகினால் முதலில் வர்ம ஆசானிடம் போய்விட்டுத்தான் ஆஸ்பத்திரி. முதல் ஆசான் முட்டை இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே அறுந்திருக்கு, டாக்டரைக் காட்டுங்க" என்று அனுப்பிவிட்டார். இவர்கள் இரண்டாவது ஆசானிடம் போனார்கள். அவர் மூன்று வாரம் எண்ணெய் போட்டுத் தடவினார். மூன்றாவது ஆசான் இரண்டு வாரம் கட்டுப் போட்டார். கடைசியில் எங்களிடம் வந்தபோது அவன் கால் நாலு அடி நடப்பதற்குள் மடிந்து விழுந்தது, எண்ணெய் வாசம் வராந்தா வரைக்கும் அடித்தது. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, லிகமென்ட் அறுந்திருக்கிறது, ஜவ்வும் கிழிந்திருக்கிறது என்றார். முதல் ஆசான் சொன்னதும் இதைத்தானே, அப்போதே ஏன் வரவில்லை என்று நான் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். செலின் சொன்னாள்: "அவரு எண்ணெய்க் குப்பியத் தொடவே இல்ல, சிஸ்டர். எண்ணெய் தொடாத ஆசானை எப்பிடி நம்புகது?"

டாக்டரின் உவமை

லிகமென்டைப் புதிதாகக் கட்ட வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. பேச்சு ஜவ்வைப் பற்றித்தான். இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற அது கிழிந்தால் இரண்டு வழி உண்டு. கிழிந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டால் சீக்கிரம் எழுந்து நடக்கலாம், ஆனால் மெத்தை போன முட்டு நாற்பது வயதுக்குள் தேய்ந்துவிடும். தைத்தால் ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது, ஒன்பது மாதம் பந்தைத் தொடக் கூடாது. தேர்வுக்கோ சரியாகப் பத்து மாதம்தான் இருந்தது. ஆன்றோ வெட்டச் சொன்னான். டாக்டர் தைக்கத்தான் வேண்டும் என்றார். முடிவு செலின் கையில்.

டாக்டர் உவமை சொல்லி விளக்குவதில் பிரியம் உள்ளவர். கடற்கரை ஆட்கள் என்பதால் அன்றைக்கு வலையை எடுத்துக்கொண்டார். "வலை கிழிஞ்சா தூரப் போடுவீங்களாம்மா? இருந்து பின்னத்தானே செய்வீங்க?" என்று பெருமையாக என்னைப் பார்த்தார். செலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்பம் யாரு டாக்டரே இருந்து பின்னுகா? கிழிஞ்சா கடையில புதுசு வாங்குவோம்." டாக்டரின் முகம் போன போக்கைப் பார்த்து அவளே இரக்கப்பட்டு மிச்சத்தையும் சொன்னாள்: "வலை கடையில கிட்டும். இவனுக்க ஜவ்வு எந்தக் கடையில கிட்டும்? தச்சுப் போடுங்க."

பால்வெட்டுக்காரர் பார்த்த எக்ஸ்ரே

அதே வாரம் சேர்ந்தவர் செல்லத்துரை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், வயது நாற்பத்தேழு. மேட்டிலும் சரிவிலும் ஏறி இறங்கி இரண்டு காலும் வில்லாக வளைந்து, முட்டின் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. முட்டையே மாற்றிவிடச் சொல்லி வந்தார். டாக்டர் வழக்கம்போல மறுத்துவிட்டார். முட்டுக்குக் கீழே எலும்பைச் சாய்வாக வெட்டி, கொஞ்சம் விரித்து, தகடு வைத்து நிமிர்த்திவிட்டால் பாரம் நல்ல பக்கத்துக்குப் போய்விடும், சொந்த முட்டிலேயே பல வருசம் ஓட்டலாம் என்றார்.

எலும்பை வெட்டுவது என்றால் யாராயிருந்தாலும் முகம் வெளுக்கும். செல்லத்துரை வெளுக்கவில்லை. தொழில் முறையில் விசாரித்தார். எந்தப் பக்கத்திலிருந்து வெட்டு? எவ்வளவு சாய்வு? முழுக்க வெட்டுவீர்களா, மறுபக்கம் விளிம்பு விடுவீர்களா? விளிம்பு விடுவோம், அதுதான் கீல் மாதிரி பிடித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னதும் அவருக்குப் பாதி நிம்மதி. "அது வேணும். ஆழம் போனா மரம் பட்டுப் போவும்" என்று தலையாட்டிக்கொண்டார். அறுவை முடிந்த மறுநாள் எக்ஸ்ரேயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். டாக்டர் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி பக்கத்தில் நின்றார். "வெட்டு கொள்ளாம் டாக்டரே, கை நடுங்கல்ல. எங்க தோட்டத்தில ஆளு வேணுமுன்னா சொல்லி அனுப்புகேன்."

எக்ஸ்பிரஸும் பாசஞ்சரும்

என் அறை நெடுஞ்சாலையைப் பார்த்து இருந்தது. மார்த்தாண்டத்துப் பஸ் ஹாரன் சத்தத்தையும் மீறி என் நோயாளிகள் கத்துவார்கள். வெளியே டாக்டரைப் பார்க்க வரிசையில் இருக்கிறவர்கள் சிலர் அதைக் கேட்டு, வலி போய்விட்டது என்று எழுந்து போனதும் உண்டு. "கத்தாமல் மடக்க வழி இல்லையா?" என்று டாக்டர் ஒருநாள் தணிவாகக் கேட்டார். மறுநாளே வழி கண்டுபிடித்தேன். பத்து எண்ணச் சொன்னால் எல்லாரும் மூன்றுக்குப் பிறகு நேராக ஒன்பதுக்குப் போகிறார்கள். ஆகவே எண்ணிக்கை வேண்டாம், ஆன்றோ ஒரு 'அருள்நிறைந்த மரியே' செபம் முடியும்வரை மடக்கிப் பிடிக்க வேண்டும், சபைப் பாட்டுக்காரரான செல்லத்துரை ஒரு கீர்த்தனைச் சரணம் முடியும்வரை என்று விதித்தேன்.

தொடக்கத்தில் பிரமாதமாகப் போயிற்று. செல்லத்துரையின் குரல் ஏறும் உயரத்தை வைத்தே கால் எத்தனை பாகை மடங்கியிருக்கிறது என்று பார்க்காமல் சொல்லிவிடுவேன். ஆன்றோ மட்டும் மூச்சு விடாமல் செபத்தை முடித்துக் காலை நீட்டிவிடுவான். பக்கத்துக் கட்டிலில் முதல் அடியையே இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும் செல்லத்துரை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அவனுக்கது எக்ஸ்பிரஸ், எனக்கது பாசஞ்சர். ஒரே ஸ்டேசனுக்குப் போக இது நியாயமா, சிஸ்டர்?"

வடம் இழுத்தவர்

விளையாட்டுக் காயம் என்றால் விளையாட்டு வீரருக்கு மட்டும் வருவது என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் சபை ஆண்டுவிழா, கிளப் ஆண்டுவிழா எதுவானாலும் கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஒரு போட்டி வைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் கல்யாணமானவர்கள் எல்லாரும் என் அறையில் இருப்பார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கல்ஃபிலிருந்து முப்பது நாள் விடுமுறைக்கு வந்தவர். விமானம் ஏற மூன்று நாள் இருக்கும்போது கயிறு இழுக்கும் போட்டியில் வடம் பிடிக்கப் போய், பாறை மாதிரி நின்ற காலில் முட்டின் பக்கவாட்டு நார் கிழிந்துவிட்டது. அறுவை தேவையில்லை, ஆறு வாரம் பெல்ட் போட்டுப் பயிற்சி செய்தால் போதும் என்றார் டாக்டர். அவர் துடித்துப்போனார். கம்பெனி, விசா, மேனேஜர் என்று அவர் புலம்ப, நான் சமாதானமாக, "சீக்கிரம் சரியாக்கிடலாம்" என்றேன். அவர் மனைவி என்னை மெல்ல வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இருபத்தேழு நாளும் கூட்டுக்காரங்க கூடத்தான் இருந்தாரு. பைய சரியாக்கினா போதும், பிள்ளே."

நேர்ச்சை

மூன்றாவது மாதம் ஆன்றோ ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தொடங்கியிருந்தான். ஒருநாள் பயிற்சி நடுவில் சாதாரணமாகக் கேட்டான்: "சிஸ்டர், பெல்ட் போட்டுக்கிட்டு முட்டால நடக்கலாமா?" எதற்கு என்றேன். வருகிற ஞாயிறு திருவிழாவின் பத்தாம் நாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மகன் கோயில் கொடிமரத்திலிருந்து பீடம்வரை முழங்காலிலேயே வருவான் என்று செலின் மாதாவுக்கு நேர்ந்திருக்கிறாள். முட்டுக்காக நேர்ந்தாள், அதனால் முட்டாலேயே காணிக்கை. அவளுக்கு அது மிகச் சரியான கணக்காகத் தோன்றியிருக்கிறது. நேரே டாக்டரிடம் ஓடினேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மூணு மாசத் தையல். அந்தத் தூரம் போனா பிரிஞ்சிடும். இன்னொரு தடவை தைக்க உள்ளே ஒண்ணும் மிச்சம் இருக்காது" என்றார்.

சனிக்கிழமை பஸ் ஏறி, பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். அவர் டாக்டரின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "நேர்ச்சையை மாத்தி வைக்க எனக்கு அதிகாரம் உண்டு. செலின்கிட்ட அதைச் சொல்லத்தான் தைரியம் இல்லை" என்றார். இருந்தாலும் செலின் வீட்டுக்குக் கூட வந்தார். பதிலுக்கு மெழுகுதிரி ஏற்றலாம், ஏழைகளுக்குச் சோறு போடலாம் என்று சொல்லிப் பார்த்தார். செலின் அசையவில்லை. "நான் நேர்ந்தது மாதாகிட்ட. சாமி நடுவில கேறி மெழுகுதிரின்னு சொன்னா, மாதா என்னைப் பத்தி என்ன நினைப்பா?"

என் பொறுமை அதோடு தீர்ந்தது. "மாதா குடுத்த முட்டை மாதா வாசலிலேயே உடைக்கப் போறீங்களா?" என்று கத்திவிட்டேன். செலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான் வாக்கு மாறி, நாளைக்கு அவன் களத்தில விழுந்தா? அதுக்குப் பொறவு நான் எப்பிடிப் பிள்ளே உயிரோட இருப்பேன்?" எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் பயந்ததும் அவள் பயந்ததும் ஒரே முட்டுக்காகத்தான். சந்தையில் ஒருவருக்கும் அடங்காத அந்தப் பொம்பிளை அப்படி உட்கார்ந்து அழுததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

வாசலில் ஆன்றோவின் அணித் தோழர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அணித் தலைவன் ஜெகன் உள்ளே எட்டிப் பார்த்து, "டீமுக்க முட்டு ஆனா மாதா வேண்டாமுன்னா சொல்லும்? அவனுக்குப் பதிலா நாங்க பத்து பேரும் வாறோம்" என்றான். செலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். நேர்ந்தது இரண்டு முட்டு, வருவது இருபது. சாமியாரைப் பார்த்தாள். அவர் இதுதான் சமயம் என்று வேகமாகத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பத்துப் பையன்களும் சுடுமணலிலும் சிமென்டுத் தரையிலும் முழங்காலிட்டுப் போனார்கள். ஆன்றோ பெல்ட் போட்டு, கையில் திரியோடு, பக்கத்திலேயே நடந்தான். கன்னம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை. நான் புராட்டஸ்டன்ட் சபைக்காரி, எங்கள் பக்கம் இதெல்லாம் கிடையாது. இருந்தும் பீடம்வரை அவர்கள் கூடவே நடந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் என் அறை வாசலில் ஏழு பேர் வரிசையில் இருந்தார்கள், பதினாலு முட்டும் தோல் உரிந்து வீங்கி. மருந்து வைக்கும்போது ஜெகன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "செலின் மாமி நேரும்போ கொடிமரத்திலிருந்துன்னு சொல்லியிருக்கா. கோயில் வாசப்படியிலிருந்துன்னு சொன்னா மாதா கேக்காதா, சிஸ்டர்?"

ஒன்பது மாதத்துக்குப் பிறகு

ஒற்றைக் காலில் குதிக்க வைத்தோம், ஓட வைத்தோம், திரும்ப வைத்தோம். எல்லாவற்றிலும் ஆன்றோ தேறினான். இனி ஆடலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. ஆனால் ஜெகன் என்னை வந்து பார்த்து, "அவன் ஆடுகான், ஆனா ஆடல்ல" என்றான். புரியாமல் ஒரு ஞாயிறு மாலை அவர்கள் பயிற்சி ஆட்டத்தைப் பார்க்கப் போனேன்.

பார்த்ததும் புரிந்தது. எதிராளி இல்லாத இடத்தில் அழகாக ஓடுகிறான். யாராவது பந்துக்குக் கிட்டே வந்தால் காலை இழுத்துக்கொள்கிறான், விருந்துக்குப் போன வீட்டில் பலகாரம் வேண்டாம் என்று தட்டைத் தள்ளுகிறவன் மாதிரி. முட்டு நன்றாக மடங்குகிறது, மனசுதான் மடங்க மறுக்கிறது. அதற்கு என்னிடம் பயிற்சி எதுவும் இல்லை. இப்படித் தேர்வுக்குப் போனால் அரை மணி நேரத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. செலின் என் பக்கத்தில்தான் நின்றாள். ஒன்பது மாதமாக அவனைக் குடத்துத் தண்ணீர் தூக்க விடாதவள், படி இறங்கும்போதெல்லாம் கையைப் பிடித்தவள்.

பந்து ஆன்றோவுக்கும் எதிர் அணித் தடியன் ஒருவனுக்கும் நடுவில் வந்து விழுந்தது. ஆன்றோவின் கால் பின்னால் போவதை நானே கண்டேன். செலின் களியக்காவிளைச் சந்தை முழுவதும் கேட்கிற குரலில் கத்தினாள்: "ஏலே ஆன்றோ! அலமாரியில வைக்கவாலே உனக்க காலைத் தச்சது? சவட்டுலே!" அவன் ஓங்கி உதைத்தான். இரண்டு பேரும் மோதி மணலில் உருண்டார்கள். செலின் என் கையைப் பிடித்த பிடியில் விரல் நொறுங்கியது. ஆன்றோ எழுந்து உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முட்டைத் தடவினான், ஒருமுறை மடக்கினான், நீட்டினான். பிறகு எழுந்து, எங்களைத் திரும்பியும் பார்க்காமல் பந்து போன பக்கம் ஓடினான். அதற்குப் பிறகு அன்றைக்கு ஒருமுறைகூட அவன் காலை இழுக்கவில்லை. செலின் மட்டும் என் கையை விடவில்லை. "இப்பம் எனக்க முட்டுதான் ஆடுகு, பிள்ளே. கொஞ்சம் பிடிச்சுக்கோ."

தேர்வில் ஆன்றோவை எடுத்துக்கொண்டார்கள். முழங்காலைத் தைக்கப் படிப்பு இருக்கிறது, மடக்கப் படிப்பு இருக்கிறது, தைத்த முழங்காலை நம்பி இறங்கடா என்று சொல்வதற்கு மட்டும் களியக்காவிளைச் சந்தையில் மீன் விற்றிருக்க வேண்டும்போலத் தெரிகிறது.